வயலோரம் நின்று பறவை பார்த்தவர்

கிணற்றோரத்துப் பனையிலோ ஈச்சமரத்திலோ தூக்கணாங்குருவிக் கூடு தொங்குவதைப் பார்க்காத விவசாயி இருக்க மாட்டார். அவற்றில் சில கூடுகள் பாதியில் நிற்கும். கீழ்நோக்கி நீளும் வாசல் குழாயே இருக்காது. அப்படி ஏன் விட்டுப்போகிறது குருவி? மாதக்கணக்கில் மரத்தடியில் உட்கார்ந்து கவனித்து விடை சொன்னவர் சாலிம் அலி. அந்த நேரத்தில் அவருக்கு வேலை இல்லை.

சாலிம் அலி 1896 நவம்பர் 12-ல் மும்பையில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தவரை, பிள்ளையில்லாத தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜி எடுத்து வளர்த்தார். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய ஒரு சிட்டின் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று மாமனிடம் கேட்டார். மாமனுக்குத் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்ற ஆங்கிலேயர், பெட்டி பெட்டியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்டினார். பையனின் பாதை அங்கே திரும்பியது.

உடனே பறவை ஆய்வாளர் ஆகிவிடவில்லை. பர்மாவில் குடும்பத்தின் சுரங்கத் தொழிலைப் பார்த்தார், திரும்பி வந்து கணக்கியல் படித்தார், விலங்கியலும் படித்தார். பட்டம் இல்லாததால் அரசு விலங்கியல் துறை வேலை கைநழுவியது. மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. அதிலிருந்து விடுப்பு எடுத்து ஜெர்மனி போய் பெர்லினில் பயிற்சி பெற்று 1930-ல் திரும்பினார். பணம் இல்லை என்று சொல்லி அந்தப் பணியிடத்தையே ஒழித்திருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் மனைவி தெஹ்மினாவுடன் அலிபாக் அருகே கிகிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார். வீட்டுப் பக்கத்திலேயே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவர் கண்டது இதுதான். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டியதும் பெண் குருவிகள் வந்து உள்ளே புகுந்து சோதிக்கும். பிடித்தால் ஒரு பெண் அதில் குடியேறும். அதன்பிறகே ஆண் குழாயைக் கட்டி முடிக்கும். முடித்த கையோடு அடுத்த கூட்டை, அடுத்த துணைக்காகத் தொடங்கிவிடும். எந்தப் பெண்ணுக்கும் பிடிக்காத கூடுதான் பாதியில் நிற்கிறது. 1931-ல் வெளியான இந்த ஆய்வு அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

அதுவரை இந்தியப் பறவை ஆய்வு என்றால் பெரும்பாலும் சுடுவது, தோலை உரித்துப் பாடம் செய்வது, அளந்து பெயர் வைப்பது என்றிருந்தது. சாலிம் அலியும் சுட்டவர்தான், அதை மறைத்தவர் அல்லர். ஆனால் உயிருள்ள பறவை எங்கே இருக்கிறது, எதைத் தின்கிறது, எதற்கு அங்கே வருகிறது என்பதே முக்கியம் என்றார். விவசாயிக்கும் வேண்டியது இந்தக் கேள்விதானே! தூக்கணாங்குருவி கதிரைக் கொத்தும். குஞ்சுக்கோ புழு பூச்சியை ஊட்டும். சோளக்காட்டில் கூட்டமாக இறங்கி நாசம் செய்யும் சோளப்பட்சி, தான் குஞ்சு பொரிக்கும் நாடுகளில் வெட்டுக்கிளியைத் தின்று தீர்க்கிறது. கணக்கெடுக்காமல் எதிரி, நண்பன் என்று முத்திரை குத்துவதில் அவருக்கு உடன்பாடு கிடையாது.

அப்புறம் சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு. சம்பளம் வேண்டாம், செலவை மட்டும் கொடுங்கள் என்பது அவர் ஏற்பாடு. ஐதராபாத், திருவாங்கூர், கொச்சி என்று கூடாரத்தோடு சுற்றினார். தெஹ்மினாவும் உடன் போனார். 1939-ல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் இறந்தார். இரண்டு ஆண்டுகளில் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் வந்தது. சாதாரண மக்கள் பறவையைப் பார்த்து இனம் காண உதவிய நூல் அது.

1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, வலசைப் பறவைகளுக்கு வளையம் மாட்டும் பணி தொடங்கியது. பறவைகள் நோய்க்கிருமியைச் சுமந்து வருகின்றனவா என்று பார்ப்பது நோக்கம். பறவையைக் காயமில்லாமல் பிடிப்பது யார்? பிகாரின் மீர்ஷிகார் சமூகத்தார், பரம்பரையாகப் பறவை பிடித்து விற்றவர்கள். அவர்களையே வேலைக்கு அமர்த்தினார்கள். நம் கோடிக்கரையிலும் அவர்கள் வலை விரித்தார்கள். பிடித்து விற்ற அதே கைகள் வளையம் மாட்டிப் பறக்கவிட்டன.

அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லவேண்டிய ஊர் ராஜஸ்தானின் பரத்பூர். சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சதுப்பு நிலம். மன்னர் காலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் தேக்கிய இடம் அது. வைஸ்ராய்க்கு விருந்து வைப்பதாக அங்கே ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டார்கள். அந்த நாள் 1938 நவம்பர் 12, சாலிம் அலியின் 42-வது பிறந்தநாள்!

சுதந்திரத்துக்குப் பின் வேறு வகை ஆபத்து வந்தது. ஏரியை வடித்து நிலத்தை உழவுக்குக் கொடுங்கள் என்ற கோரிக்கை எழுந்தது. நிலமில்லாதவர்கள் நிறைந்த வறண்ட பகுதியில் அப்படிக் கேட்டதில் தப்பு சொல்ல முடியாது. சாலிம் அலி விஷயத்தை நேரு வரை கொண்டுபோனார். ஏரி தப்பியது. 1956-ல் சரணாலயமும் 1982-ல் தேசியப் பூங்காவும் ஆனது.

தேசியப் பூங்கா என்றதும் மேய்ச்சலுக்குத் தடை வந்தது. தலைமுறை தலைமுறையாக எருமைகளை அந்தத் தண்ணீரில் விட்டு வந்த சுற்றுக் கிராமங்களுக்கு மாற்று ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. 1982 நவம்பரில் மோதல் வெடித்தது. போலீஸ் சுட்டதில் ஊர்க்காரர்கள் சிலர் உயிரிழந்தார்கள். கால்நடை மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு என்பது அன்றைய ஆய்வாளர்கள் பலரின் எண்ணம். தடைக்கு சாலிம் அலியின் ஆதரவும் இருந்தது. இதைச் சொல்லாமல் அவர் வாழ்க்கையை எழுதுவது சரியாகாது.

ஆனால், அவர் வளர்த்த அதே கழகத்தின் ஆய்வாளர்கள் 1980-களில் பரத்பூரில் ஆண்டுக்கணக்கில் தங்கிக் கணக்கெடுத்தார்கள். எருமைகள் போனதும் ஒருவகை நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து தண்ணீர்ப் பரப்பை மூடிவிட்டது. மீன் குறைந்தது. நீந்தும் வாத்துகளுக்கும் மீன்தின்னிப் பறவைகளுக்கும் இடம் சுருங்கியது. புல்லை மேய்ந்து தண்ணீரைத் திறந்து வைத்திருந்தது எருமைதான் என்பது எண்களாகவே வந்தது. நம்மூர் ஏரியில் மாடு இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. தடைக்குத் துணை நின்ற கழகமே தடைக்கு எதிரான முடிவை எழுதிக் கொடுத்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

சாலிம் அலிக்கு அப்போது 80 வயது தாண்டிவிட்டது. டில்லன் ரிப்ளியுடன் எழுதிய பத்துத் தொகுதிகள் முடிந்திருந்தன. பத்ம விபூஷண் கிடைத்திருந்தது. சர்வதேசப் பரிசாக வந்த பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதியாக்கிவிட்டார். அமைதிப் பள்ளத்தாக்கு அணைக்கு எதிராகக் குரல் கொடுத்தார், 1985-ல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1987 ஜூன் 20-ல் தமது 90-வது வயதில் மும்பையில் காலமானார். மூன்று ஆண்டுகள் கழித்து கோவை ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவை ஆய்வு மையம் அமைந்தது.

பரத்பூர் ஆய்வின் இறுதி அறிக்கை அவர் மறைவுக்குப் பின்பே வெளிவந்தது. எருமைகளுக்கு வாசல் திறக்கவில்லை. ஆனால் சுற்றுக் கிராமத்தார் அரிவாளோடு உள்ளே போய்ப் புல்லறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுபோக அனுமதி கிடைத்தது.