களவு போன குழந்தையும் கண்டிப் பிறக்கிராசியாரும்

மர்மக் கதை என்றவுடன் முகஞ் சுளிப்பது எம்மனைய பண்டிதர்க்கு இயல்பாகிவிட்டது. இலக்கணமும் காப்பியமும் ஓதிப் பழகிய கண்ணுக்குக் களவும் கடத்தலும் மாறுவேடமும் மலிந்த கதைகள் வெறும் பொழுதுபோக்குச் சரக்காகவே தோன்றும். மாணாக்கர் அவற்றை மேசைக்கடியில் மறைத்து வைத்து வாசிப்பதைக் கண்டு பறித்தெறியும் ஆசிரியர் பலரை யான் அறிவேன். ஆயினும் ஈழநாட்டிலே தமிழ் நாவல் என்னும் பயிர் முளைத்த வரலாற்றை நோக்குமிடத்து, அதன் முதல் வித்து ஒரு குழந்தை களவு போன மர்மக் கதையே என்பது புலப்படும். அவ்வித்தை ஊன்றியவரோ பொழுதுபோக்குக்காக எழுதியவர் அல்லர். கண்டி நீதிமன்றங்களில் வழக்குரைத்த பிறக்கிராசியார், பத்திரிகையாசிரியர், தம் சமூகத்தவர்க்குப் பள்ளிக்கூடம் வேண்டுமென்று ஊரூராக மன்றாடித் திரிந்தவர். அவர்தாம் முகம்மது காசிம் சித்திலெப்பை என்னும் பெரியார்.

1838 ஆம் ஆண்டு ஜூன் 11 ஆம் தேதி கண்டியிலே அவர் பிறந்தார். கண்டி அரசு ஆங்கிலேயர் கைப்பட்டு அப்பொழுது இருபத்து மூன்று ஆண்டுகளே கழிந்திருந்தன. சிங்கள மன்னர் காலத்திலே பொதிமாடுகளைத் தவளமாக நடத்திக் கரைநாட்டு உப்பையும் கருவாட்டையும் மலைநாட்டிற்குக் கொணர்ந்து, மலைநாட்டுப் பாக்கையும் பிற விளைபொருளையும் கரைக்கு இறக்கிய சோனகர், கோப்பித் தோட்டங்களும் வண்டிப் பாதைகளும் புகுந்த புதிய காலத்தில் தம் பழைய தொழிலின் அடித்தளம் ஆட்டங்காணக் கண்டனர். இந்தக் கலக்கத்தினிடையே சித்திலெப்பையின் தந்தையார் ஆங்கிலச் சட்டம் கற்றுப் பிறக்கிராசித் தொழில் புரிந்த முதற் சோனகர்களுள் ஒருவராக விளங்கினார். வீட்டிலே அறபும் தமிழும், வெளியிலே ஆங்கிலமும் என மும்மொழியும் மைந்தர்க்கு இளமையிலேயே வாய்த்தன. 1862 ஆம் ஆண்டில் அவர் மாவட்ட நீதிமன்றப் பிறக்கிராசியானார். ஈராண்டு கழித்து உயர் நீதிமன்றத்திலும் வழக்குரைக்கும் தகுதி பெற்றார். கண்டி மாநகர சபையிலும் நகர நீதிமன்றத்திலும் பணியாற்றினார். செல்வமும் மதிப்பும் தாமாகவே வந்து சேர்ந்த வாழ்வு அது. அவர் அவ்வளவில் அமைந்திருந்தால் அவரை இன்று நினைப்பார் எவருமிலர்.

நீதிமன்றத்தில் நாள்தோறும் அவர் கண்டது யாது? தம் சமூகத்தார் உறுதி எழுதக் கூலிக்கு ஆள் தேடுவதையும், தாம் கைந்நாட்டு வைத்த பத்திரத்தின் பொருளைத் தாமே அறியாது காணியை இழப்பதையுமே அவர் கண்டிருத்தல் வேண்டும். அக்காலத்து வழக்குகளின் இயல்பு அத்தகையது. ஆங்கிலப் பள்ளிகள் பெரும்பாலும் பாதிரிமார் கையிலிருந்தன. பிள்ளையை அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்ற அச்சத்தால் சோனகர் தம் மக்களை வீட்டிலும் கடையிலும் நிறுத்திக்கொண்டனர். இதே அச்சம் சைவர்க்கும் இருந்தது, பௌத்தர்க்கும் இருந்தது. யாழ்ப்பாணத்திலே ஆறுமுக நாவலர் அதற்குப் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் அமைத்து விடை கண்டார். 1880 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த கேணல் ஒல்கொட் பௌத்தப் பாடசாலைகளுக்கு வித்திட்டார். நாவலர் 1879 ஆம் ஆண்டில் மறைந்த பின்னர், ஏறக்குறைய அதே கருவிகளைக் கையிலெடுத்துச் சோனகரிடையே எழுந்தவர் சித்திலெப்பை. சமயத்தால் வேறாயினும் செயலால் இருவரும் ஒருவரையொருவர் ஒத்தவர் என்று கூறுவதில் எனக்குத் தயக்கமில்லை.

1882 ஆம் ஆண்டு டிசம்பர் 21 ஆம் தேதி முஸ்லிம் நேசன் என்னும் வார இதழை அவர் தொடங்கினார். அவ்வாண்டு செப்டெம்பரிலேதான் எகிப்தின் தெல்-எல்-கபீர்ப் போர்க்களத்தில் அறாபி பாஷாவின் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. எகிப்து எகிப்தியர்க்கே என்று கிளர்ந்த அத்தலைவர், தம் தோழர் அறுவருடன் நாடு கடத்தப்பட்டு 1883 ஆம் ஆண்டு ஜனவரியில் கொழும்புத் துறையில் வந்திறங்கினார். பத்திரிகை பிறந்து மூன்று வாரமே ஆகியிருந்தது. எங்கோ தொலைவிலுள்ள தேசத்துச் செய்தியாக இருந்தது, தெருவிலே நடந்துவரும் மனிதராக எதிரில் வந்து நின்றது. சோனகர் அவரைக் காணத் திரண்டனர். சித்திலெப்பை அவரிடம் நெருங்கிப் பழகினார். 1884 ஆம் ஆண்டில் கொழும்பு புதிய சோனகத் தெருவிலே ஒரு மதறஸாவைத் தொடங்கியபோதும் பாஷாவின் ஆதரவு அதற்கு இருந்தது. ஆயினும் ஊர்மக்களின் உற்சாகம் விரைவில் வற்ற, அப்பள்ளி தளர்ந்து போயிற்று.

பள்ளிக்கூடம் தளர்ந்து வந்த அக்காலத்திலே, 1885 ஆம் ஆண்டில், அவர் அசன்பேயுடைய சரித்திரத்தை அச்சிற் கொணர்ந்தார். மாயவரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் நூலுருவில் வெளிவந்து ஆறாண்டுகளே சென்றிருந்தன. கமலாம்பாள் சரித்திரம் இன்னும் எழுதப்படவில்லை. ஆங்கில நாட்டுத் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸ் உலகிற்கு அறிமுகமாக இன்னும் ஈராண்டு இருந்தது. தமிழிலே ரங்கராஜுவின் இராஜாம்பாள் தோன்றியதோ 1908 ஆம் ஆண்டில். வடுவூராரும் ஆரணியாரும் வாசகரை உறங்கவொட்டாது செய்ததும் அதற்கு அணித்தான காலத்திலேதான். இவ்வாண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் கண்டிப் பிறக்கிராசியார் எத்துணை முன்னே நின்றார் என்பது தெளிவாகும்.

கதையின் கரு இதுவே. எகிப்தின் தலைநகரிலே உயர்குடியிற் பிறந்த மதலையொன்று களவாடப்படுகின்றது. கடல் கடந்து பம்பாய் சேர்கின்றது. தன் பிறப்பை அறியாது வேற்றார் கையில் வளர்கின்றது. அசன் என்னும் அச்சிறுவன் அங்கிருந்து கல்கத்தாவிற்குச் செல்கிறான், கற்கிறான், சான்றோரின் நட்பைப் பெறுகிறான். இன்னலும் சூழ்ச்சியும் தொடர, இறுதியில் எகிப்துக்கு மீண்டு, தான் யார் மகன் என்பது வெளிப்படப் பெற்று, பே என்னும் உயர் பட்டத்தையும் அடைகிறான். கொலையைத் துருவும் துப்பறிவாளர் எவரும் இக்கதையில் இலர். இவன் யார் என்னும் ஒரே வினாவே கதையைக் கடைசிவரை ஈர்த்துச் செல்லும் கயிறு.

குறைகளையும் கூறிவிடல் முறை. தற்செயல் நிகழ்ச்சிகள் வேண்டும்போதெல்லாம் வந்து உதவுகின்றன. நல்லோர் முற்றும் நல்லோராகவும் தீயோர் முற்றும் தீயோராகவும் நிற்கின்றனர். இவற்றினும் பெரிய குறையாக நம் விமரிசகர் எடுத்துக்காட்டுவது, ஈழத்தில் எழுந்த முதற் கதையிலே ஈழத்து மண் இல்லை என்பதாகும். கண்டி வாவியும் இல்லை, மகாவலி கங்கையும் இல்லை. மாணிக்கக் கடை வைத்த சோனகரும் தவளமோட்டிய சோனகரும் இல்லை. பிரதாப முதலியாரிடம் தஞ்சை மண்ணின் வாடை வீசுமளவுக்கு இங்கே கண்டி வாடை வீசவில்லை என்பது உண்மையே. நம் ஊர்த் தெருவை அவர் எழுதியிருப்பின், இன்று கிடைத்தற்கரிய செல்வமாக அது இருந்திருக்கும்.

எனினும் அவர் ஏன் அவ்வாறு எழுதினார் என்பதையும் எண்ணுதல் வேண்டும். எகிப்து அவருடைய வாசகர்க்கு அந்நியமன்று; வாரந்தோறும் அவருடைய பத்திரிகையில் அவர்கள் படித்த தேசம், ஒராபி என்றும் அறாபி என்றும் அவர்கள் வாயில் வழங்கிய தலைவரின் தேசம். இனி, களவு போன குழந்தையின் கதையை அச்சமூகத்தின் முன் வைத்துப் பாருங்கள். தான் உயர்குடிப் பிறப்பினன் என்பதை அறியாது, பிறர் கையில் அல்லலுற்று, கல்வி ஒன்றினாலேயே மேலேறித் தன்னைத் தானே கண்டடையும் சிறுவன் அசன். பழைய பெருமையை மறந்து, உறுதிப் பத்திரத்தைப் படிக்கவும் மாட்டாது நின்ற சோனகர்க்கு இதனினும் வெளிப்படையாக ஒரு கதை சொல்ல இயலுமோ? பத்திரிகைத் தலையங்கத்திலே அவர் கடிந்துரைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடியவர்கள், அக்குழந்தைக்கு என்ன ஆயிற்றோ என்று பக்கத்தைப் புரட்டியிருப்பர். வினா அவர் காலத்திலேயே வேறு வடிவிலும் எழுந்தது. 1888 ஆம் ஆண்டில் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனத்தோற்றத்தைப் பற்றி எழுதிய கட்டுரை, சோனகர் யார் என்னும் வாதத்தைக் கிளப்பிப் பெரும் பூசலாயிற்று. நாவலோ அதற்கு மூவாண்டு முந்தியது.

சமயக் கட்டுப்பாடு மிக்க ஒரு சமூகத்தினுள்ளே மர்மக் கதை பிறப்பது வியப்பன்று. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலே ஹோம்ஸ் என்றே பெயர் வாய்ந்த மாவட்டமொன்றில் ஆமிஷ் என்னும் கிறித்தவக் குடியினர் வாழ்கின்றனர். மோட்டார் வாகனம் உடைமையாகக் கொள்ளாது, குதிரை வண்டியிற் சென்று, உழவும் தச்சும் செய்து ஒதுங்கி வாழ்வோர் அவர். அவ்வூர்களைக் களமாகக் கொண்ட மர்ம நாவல்கள் அந்நாட்டிலே பெருவரவாக விற்பனையாகின்றன. பி. எல். காஸ் என்னும் இரசாயனப் பேராசிரியர் 1999 ஆம் ஆண்டில் வெளியிட்ட, கெட்டகுமாரனின் இரத்தம் என்று பொருள்படும் தலைப்புடைய நாவலும் ஒரு சிறுவன் காணாமற் போவதிலேயே தொடங்குகின்றது. அவன் ஆமிஷ் ஆயர் ஒருவரின் பேரன். பொலிசாரை நாடாது அமைதியாகவே தேடித்தரும்படி அவ்வாயர் வேண்டுகின்றார். அங்கும் களவு போன பிள்ளை. இங்கும் களவு போன பிள்ளை. ஆனால் அந்நூலை எழுதியவர் அக்குடிக்குப் புறத்தே நிற்பவர். வேலிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்ப்பவர். சித்திலெப்பையோ வீட்டினுள்ளேயே இருந்துகொண்டு, வீட்டாரைப் பார்த்து, அவர்க்காகவே எழுதினார்.

நாவலுக்குப் பின் அவர் கதையெழுதுவதிலேயே நின்றுவிடவில்லை. கண்டியிலே பெண்பிள்ளைகளுக்கெனப் பாடசாலை நிறுவித் தம் சகோதரியாரையே அதன் தலைமையாசிரியை ஆக்கினார். பெண் வெளியே வருதலையே பொறாத காலத்தில், பிறர் வீட்டுப் பெண்ணை அழைக்குமுன் தம் வீட்டுப் பெண்ணை முன்னிறுத்திய செயல் அது. ஞானதீபம் என்னும் மாத இதழையும் நடத்தினார். 1892 ஆம் ஆண்டு ஆகஸ்டில் மருதானையிலே ஸாஹிறா மதறஸா தோன்றியபோது, கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காரும், ஐ. எல். எம். அப்துல் அஸீஸும் அதற்குத் தோள் கொடுத்தனர். அறாபி பாஷா புரவலரானார். முன்னே தளர்ந்த பள்ளியின் கனவே அங்கே மீண்டும் முளைத்தது. அதுவே இன்றைய ஸாஹிறாக் கல்லூரி. இவற்றுக்கெல்லாம் பொருள் எங்கிருந்து வந்தது? வழக்குரைத்துத் தேடிய செல்வம் அச்சுக்கூடத்திலும் பள்ளிக்கூடத்திலும் கரைந்தது. எதிர்ப்பும் இல்லாமலில்லை. ஆங்கிலக் கல்வி மார்க்கத்துக்கு விரோதம் என்று கூறியோர் தம்மவரே. 1897 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட அஸ்றாறுல் ஆலம் என்னும் தத்துவ நூலும் வைதிகர் பலரின் மனத்தாங்கலுக்கு இலக்காயிற்று.

யான் வாழும் பல்லேகலவிலிருந்து தென்னக்கும்புரப் பாலத்தைக் கடந்து நகரம் புகும் பாதை, 2018 ஆம் ஆண்டு மார்ச்சிலே கலவரத்தால் வெறிச்சோடிக் கிடந்தது. திகனையிலும் தெல்தெனியாவிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரியுண்டன. அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அம்மக்களை வந்தேறிகள் என்று ஏசும் குரல்கள் அந்நாளில் எழுந்தன. இம்மலைநாட்டிலே, இந்நகரிலே பிறந்து, தமிழிலே நாவலென்னும் புதுத்துறையில் இந்நாட்டுக்கு முதலிடம் தேடித்தந்தவர் யார் என்று அக்குரல் எழுப்பியோர்க்கு எவரும் கற்பித்திருக்கமாட்டார். தமிழ் மாணாக்கர்க்கேனும் நாம் கற்பிக்கின்றோமா? நாவல் வரலாற்றை ஒரு வரியில் எழுதும்போது அசன்பேயின் பெயரையும் ஆண்டையும் மனனஞ் செய்விப்பதோடு நின்றுவிடுகின்றோம். கதையைப் படிப்பித்தல் அரிதினும் அரிது. பிள்ளைகள் மேசைக்கடியில் மறைத்து வைத்துப் படிக்கத்தக்க நூலை நாம் பாடப்பட்டியலில் உலர வைத்துவிட்டோம்.

1898 ஆம் ஆண்டு பெப்ரவரி 5 ஆம் தேதி சித்திலெப்பை காலமானார். அறுபது ஆண்டு நிரம்பவில்லை. அரசாங்கம் அவர் நினைவாக முத்திரை வெளியிட்டது 1977 ஆம் ஆண்டிலேதான். அவருடைய நண்பர் அறாபி பாஷா, கொழும்பின் வெப்பந் தாங்காது கண்டிக்குக் குடிபெயர்ந்து ஹலொலுவ வீதியிலே வாழ்ந்தார். அவ்வீடு இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. பதினெட்டாண்டுச் சிறைவாழ்வுக்குப் பின் மன்னிப்புப் பெற்று, 1901 ஆம் ஆண்டிலே அவர் கப்பலேறிக் கெய்ரோவுக்கு மீண்டார். பிறந்த நகரை வலிதிற் பிரிந்த ஒருவன் மறுபடி அதன் வாயிலைக் காணும் காட்சியைப் பதினாறாண்டு முன்னரே எழுதி வைத்த பிறக்கிராசியார், அவரை வழியனுப்பக் கண்டியில் இல்லை.