சாவித்திரிபாயும் ஒரு மாணவியும்

1840-இல் மணமானபோது சாவித்திரிபாய் பூலேவுக்கு ஒன்பது வயது. எழுத்தறியாத அவருக்குக் கணவர் ஜோதிராவ் கற்றுக்கொடுத்தார். பிறகு அகமதுநகரிலும் புனேயிலும் ஆசிரியப் பயிற்சி பெற்றார். நம் மேடைகளில் சாணி வீச்சைச் சொல்லும் அளவுக்கு இந்தப் பயிற்சியைச் சொல்வதில்லை.

1848-இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். பின்னர் மகர், மாங் சாதிப் பிள்ளைகளுக்கும். அங்கே மூன்றாண்டுகள் படித்த மாங் மாணவி முக்தா சால்வே, தன் மக்கள் படும் துயரங்களைக் கட்டுரையாக எழுதினார். வேதம் தங்களுக்கு இல்லையென்றால் தங்கள் மதம்தான் எது என்று அதில் கேட்டார். 1855-இல் 'ஞானோதயா' இதழ் அதை அச்சிட்டபோது அவருக்கு வயது 14. எழுத்துக்கூட்டப் பழகிய பிள்ளையை மூன்றே ஆண்டுகளில் சொந்த வாழ்வை எழுதவைத்தார்களே, அதைத்தான் அந்தப் பள்ளியின் பெரிய சாதனை என்பேன்.

பிளேக் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டபோது தொற்று கண்டு, 1897 மார்ச் 10-இல் சாவித்திரிபாய் இறந்தார்.