ஃபாரடேயும் எங்க மாமா அம்பாசிடரும்

விஞ்ஞானி ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழு கேட்டதும் எனக்கு மைக்கேல் ஃபாரடேதான் ஞாபகத்துக்கு வந்தார். அதற்குக் காரணம் பாடப்புத்தகம் இல்லை. எங்க ஊர் தாமலில் நிற்கும் மாமாவின் பழைய அம்பாசிடர்!

காஞ்சிபுரத்துக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியது எங்க ஊர். கல்யாணம், கோயில் என்று வாடகைக்குப் போகும் அந்த வண்டிதான் மாமாவுக்குச் சோறு. ஒருநாள் குறுக்கே ஆட்டு மந்தை. பிரேக் அடித்தும் வண்டி நிற்காமல் போய், கடைசி ஆட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. முள் 60-ல்தான் இருந்தது என்று மாமா சாதித்தார். பிரேக் மேல் பழி போட்டு ஷூவெல்லாம் மாற்றினார். இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிற திமிரில், கோளாறு ஸ்பீடாமீட்டர் கேபிள்தான் என்று நானும் ஒரு புதுக் கேபிள் வாங்க வைத்தேன். முள் அப்படியேதான் காட்டியது. மாமா காசு போனதுதான் மிச்சம்.

அதற்கப்புறம்தான் ஃபாரடேயை ஒழுங்காகப் படித்தேன்.

1791 செப்டம்பர் 22-ல் லண்டன் ஓரத்தில் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தவர் அவர். அப்பாவுக்கு அடிக்கடி உடம்பு முடியாது. எழுதப் படிக்கத் தெரிந்ததோடு பள்ளிக்கூடம் முடிந்தது. 14 வயதில் புத்தக பைண்டிங் கடையில் தொழில் பழகப் போனார். ஏழு வருஷம். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைத் தைத்துவிட்டு உட்கார்ந்து படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும் அப்படித்தான் கண்ணில் பட்டது. 1812-ல் கடை வாடிக்கையாளர் ஒருவர் தந்த டிக்கெட்டில் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கே அனுப்பிவைத்தார். 1813-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது.

வேலை கிடைத்தாலும் மரியாதை கிடைக்கவில்லை. டேவி தம்பதியோடு ஐரோப்பா சுற்றியபோது எடுபிடி வேலையும் இவர் தலையில் விழுந்தது; சாப்பாடு வேலைக்காரர்களோடு. 1824-ல் ராயல் சொசைட்டிக்கு இவர் பெயர் வந்தபோது எதிர்த்தவரும் அதே டேவிதான். டிகிரிக்காரர் நடுவே டிப்ளமோக்காரன் நிற்கும்போது எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன! கணக்கும் அவருக்கு வராது. பிற்காலத்தில் அவர் கருத்துகளைச் சமன்பாடாக்கியவர் மாக்ஸ்வெல்.

அதே 1824-ல் பாரிஸில் அராகோ ஒரு வேடிக்கையைக் காட்டினார். செப்புத் தட்டைச் சுழற்றினால், மேலே தொங்கும் காந்த ஊசியும் கூடவே இழுபட்டுச் சுற்றியது. மறுவருஷம் பாபேஜும் ஹெர்ஷலும் காந்தத்தைச் சுழற்ற, செப்புத் தட்டு பின்னாலேயே போனது. செம்பைக் காந்தம் இழுக்காதே, பிறகெப்படி? ஏழு வருஷம் யாருக்கும் சரியான விடை கிடைக்கவில்லை.

1831 ஆகஸ்ட் 29-ல் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச்சுருள் சுற்றி ஃபாரடே சோதித்தார். ஒன்றில் மின்சாரம் விடும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் மற்றதில் மின்சாரம் துள்ளியது. அக்டோபரில் பெரிய காந்தத்தின் முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றினார். தொடர்ந்து மின்சாரம் வந்தது. அராகோவின் முடிச்சும் அவிழ்ந்தது. அசையும் காந்தம் உலோகத்துக்குள் மின்சாரத்தைக் கிளப்புகிறது. அந்த எடி கரண்டே உலோகத்தைக் காந்தத்தின் பின்னால் இழுக்கிறது.

1902-ல் பெர்லினில் ஓட்டோ ஷுல்ட்சே காப்புரிமை வாங்கிய ஸ்பீடாமீட்டர் இதே வேடிக்கைதான். கேபிள் காந்தத்தைச் சுழற்றும். அதைத் தொடாமல் மூடியிருக்கும் அலுமினியக் கிண்ணம் கூடவே சுற்றப் பார்க்கும். ஹேர்ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்தும். கிண்ணத்தின் தண்டில்தான் முள். ஆனால் கிலோமீட்டர் எண்கள் காந்தத்தை நம்பி இல்லை; அதே கேபிளிலிருந்து பல்சக்கரம் வழியாக நேரே ஓடுகின்றன. இது எனக்கு முன்பே உறைத்திருந்தால் அந்தக் கேபிள் காசு மிச்சம்.

ஒரு விடியற்காலை, மாமா ஓட்ட நான் பக்கத்தில். (செல்போன் ஜிபிஎஸ் வேகத்தைச் சொல்லுமே என்பீர்கள், கல்லை எண்ணினால் ஓடோமீட்டரையும் சேர்த்துப் பார்க்கலாம்.) பத்துக் கல் தாண்டியதும் எண்ணும் சரியாகப் பத்து ஏறியிருந்தது. அப்போ கேபிள், டயர், கியர் எல்லாம் நிரபராதி. முள் 40-ல் நிற்க, கல்லுக்குக் கல் 72 விநாடி: நிஜ வேகம் 50. முள் 60-ல் 48 விநாடி: நிஜம் 75! முள் வளைந்து மாட்டியிருந்தால் எல்லா வேகத்திலும் ஒரே அளவுதான் குறையும். இங்கே இரண்டிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. காந்தம் வலுவிழந்துவிட்டது.

எவ்வளவு? பத்தில் ஒரு பங்குதான். காந்தம் மின்சாரத்தைக் கிளப்புவதிலும் ஒரு பங்கு, அந்த மின்சாரத்தை இழுப்பதிலும் ஒரு பங்கு, 0.9 பெருக்கல் 0.9, 0.81. ஃபாரடே இரண்டு தடவை வேலை செய்கிறார்!

புதுப்பேட்டையில் மீட்டர் வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் சுருளில் வைத்துக் காந்தத்தை ஏற்றினார். கொஞ்சம் அதிகமாகவே ஏற்றி, பிறகு சிறுகச் சிறுகக் குறைத்தார். இத்தனை சுற்றுக்கு இத்தனை வேகம் என்று கை டிரில்லில் ஓட்டிப் பார்த்துத்தான் மூடினார். திரும்பி வரும்போது 60-க்கு 60 விநாடி.

ஃபாரடே சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டித் தலைமையையும் மறுத்தார். கிரிமியப் போருக்கு விஷவாயு செய்ய அரசு யோசனை கேட்டபோது அதற்கும் மறுப்புதான். 1867 ஆகஸ்ட் 25-ல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலமானார்.

மாமாவுக்கு ஒரே ஒரு குறை. மீட்டர் சரிபண்ணதிலிருந்து வண்டி முன்ன மாதிரி இழுக்கலையாம்.