டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் புற்றுநோய் மருத்துவமும்

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை, தேவதாசி முறை ஒழிப்புக்குப் பாடுபட்டவராகவே நீங்கள் பெரிதும் அறிந்திருப்பீர்கள். அவருடைய தங்கைக்கு மலக்குடலில் வந்த புற்றுநோய், முதலில் சீதபேதி என்றே கருதப்பட்டது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. 1923-இல் தங்கை இறந்தார். மருத்துவர் உள்ள குடும்பத்திலேயே இந்நிலை. அத்துயரிலிருந்து எழுந்த நீண்ட முயற்சியால், 1954-இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை அவர் தொடங்கினார்.

நுரையீரல் புற்றுநோயும் இவ்வாறே காசநோய் எனத் தவறாகக் கொள்ளப்படுவதுண்டு. இருமல், எடை குறைவு, சளியில் இரத்தம் ஆகியவை இரண்டுக்கும் பொதுவானவை. சளியில் காசநோய்க் கிருமி காணப்படாமல், மருந்து உட்கொண்டும் இருமல் தணியாவிடில், சி.டி. ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை காசநோய் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.