வெள்ளியை எடை போட்டவர், எழுத்தை மீட்டுத் தந்தவர்

கல்கத்தாவில், ஹூக்ளி நதிக்கரையில், பிரின்ஸெப் துறை என்று ஓர் இடம் இருக்கிறது. உயர்ந்த தூண்கள் தாங்கும் வெள்ளை மண்டபம் ஒன்று அங்கே நிற்கிறது. 1843-ம் ஆண்டில் அதைக் கட்டினார்கள். யாருடைய ஞாபகமாக? படை நடத்திய தளபதிக்கு அல்ல. நாட்டை ஆண்ட கவர்னருக்கும் அல்ல. நாணயச் சாலையில் வெள்ளியின் தரம் பார்த்து வந்த ஓர் உத்தியோகஸ்தருக்கு!

அவர் பெயர் ஜேம்ஸ் பிரின்ஸெப். நாற்பது ஆண்டுகளே உயிர் வாழ்ந்தார். அதற்குள், இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கல்லிலே உறங்கிக் கிடந்த அசோக சக்கரவர்த்தியின் சொற்களை உலகம் மறுபடியும் அறியும்படி செய்துவிட்டார். அந்த வேலையில் அவருக்குக் கைகொடுத்தவை பழைய நாணயங்கள்.

கண் தடுத்த படிப்பு

1799-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி பிரின்ஸெப் இங்கிலாந்தில் பிறந்தார். அவருடைய தந்தை ஜான் பிரின்ஸெப், இளமையில் இந்தியாவுக்கு வந்து, அவுரி வியாபாரத்தில் பொருள் ஈட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர். பிள்ளைகள் பலர். ஜேம்ஸ் அவருக்கு ஏழாவது மகன்.

சிறு வயதிலேயே ஜேம்ஸுக்குப் படம் வரைவதில் நல்ல கைத்திறன். ஆகையால் கட்டடக் கலை படிக்கப் போட்டார்கள். நுணுக்கமான படங்களை வரைந்து வரைந்து கண் கெட்டது. படிப்பு பாதியில் நின்றது.

பிறகு கண் குணமாயிற்று. இந்திய நாணயச் சாலைகளில் வேலை கிடைக்கும் என்று தந்தை அறிந்தார். மகனுக்கு ரசாயனம் கற்பித்தார்கள். லண்டன் நாணயச் சாலையில் வெள்ளி, தங்கத்தின் தரம் பார்க்கும் தொழிலையும் அவர் பழகினார். 1819-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், இருபது வயதில், கல்கத்தாவில் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு காசி நாணயச் சாலைக்கு மாற்றினார்கள்.

ஒரு ரூபாய், பல விலை

நாணயத்தின் தரம் பார்த்துச் சொல்பவரை நோட்டக்காரர் என்பது நம் நாட்டு வழக்கம். பிரின்ஸெப் பார்த்தது அந்த வேலைதான்.

அந்தக் காலத்தில் அது லேசான வேலை அல்ல. ரூபாய் என்று பெயர் ஒன்று, காசுகளோ பலவிதம். முர்ஷிதாபாத் ரூபாய், காசி ரூபாய், பரூக்காபாத் ரூபாய், சூரத் ரூபாய், சென்னை ரூபாய் என்று ஊருக்கு ஒன்று இருந்தது. எடையும் வேறு, வெள்ளியின் மாற்றும் வேறு.

வங்காளத்தில் இன்னொரு சங்கடமும் இருந்தது. புதிதாக அடித்த ரூபாய்க்கு முழு மதிப்பு. இரண்டு மூன்று ஆண்டு ஆகிவிட்டால், எடை குறையாவிட்டாலும், சராப்புகள் அதற்கு வட்டம் பிடிப்பார்கள். வரி கட்டப் போகும் குடியானவன் தன் கையில் இருக்கும் காசு எவ்வளவுக்குப் போகும் என்று தெரியாமல் விழிப்பான். நஷ்டம் அவனுக்குத்தான்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே உண்மையைச் சொல்லக்கூடியது ஒன்றே: நெருப்பு.

முதலில் ரூபாயிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து எடை போடுவார்கள். அதை ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த சின்னக் கிண்ணத்தில் இட்டு, உலையில் வைப்பார்கள். உலையின் வெப்பத்தில் ஈயம் உருகும். வெள்ளியில் கலந்துள்ள செம்பையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அது சாம்பலுக்குள் ஊறிவிடும். கடைசியில் கிண்ணத்தில் ஒரு வெள்ளி மணி மட்டும் மிஞ்சும். அந்த மணியை எடை போட்டால் கணக்குத் தெரிந்துவிடும். 12 பங்கு வைத்து 11 பங்கு மிஞ்சினால், காசில் 12-ல் 11 பங்கு வெள்ளி, மீதி கலப்பு.

இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. சூடு மிஞ்சினால் வெள்ளியும் கொஞ்சம் போய்விடும். தராசு பிசகினால் கணக்கே பிசகிவிடும். பிரின்ஸெப் இரண்டுக்கும் வழி கண்டார்.

தங்கம், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றைப் பல அளவுகளில் கலந்து சிறு சிறு துண்டுகள் செய்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் உருகும். உலையில் வைத்து, எது உருகியது, எது உருகவில்லை என்று பார்த்தால் சூட்டின் அளவு தெரிந்துவிடும். இதைப்பற்றி அவர் எழுதிய கட்டுரை 1828-ல் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. அந்தச் சங்கம் அவரை அங்கத்தினராகவும் சேர்த்துக்கொண்டது.

அவர் அமைத்த தராசு இன்னும் வியப்பானது. ஒரு கிரெயின் எடையை ஆயிரம் பங்கு ஆக்கினால், அதில் மூன்று பங்கைக்கூட அது காட்டும். ஒரு நெல்மணியின் எடையில் நூறில் ஒரு பங்குக்கும் அது குறைவு!

காசியில் பத்து ஆண்டுகள்

காசியில் அவர் உலையோடு நின்றுவிடவில்லை. விட்டுப்போன கட்டடக் கலை அங்கே அவருக்குப் பயன்பட்டது. ஊருக்கு வரைபடம் தயாரித்தார். ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார். தேங்கி நாறிய குளத்து நீரை வடிப்பதற்கு நிலத்துக்கு அடியில் கால்வாய் அமைத்தார். ஔரங்கசீப் மசூதியின் ஆட்டங்கண்ட ஸ்தூபிகளைப் பழுதுபார்த்தார். கர்மநாசா நதியின் குறுக்கே கல்பாலம் கட்டினார். அந்த நதி நீர் மேலே பட்டால் புண்ணியம் போய்விடும் என்று யாத்திரிகர்கள் அஞ்சுவார்கள். பாலம் வந்த பிறகு அந்தப் பயம் தீர்ந்தது.

நாடு முழுவதும் ஒரே ரூபாய்

1830-ல் காசி நாணயச் சாலையை மூடிவிட்டார்கள். பிரின்ஸெப் கல்கத்தாவுக்குத் திரும்பினார். அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் வில்ஸன் என்ற சம்ஸ்கிருத அறிஞர். 1832-ல் வில்ஸன் விலகினார். அவர் வகித்த இரண்டு பொறுப்புகளும் பிரின்ஸெப்புக்கு வந்தன. ஒன்று, நாணயச் சாலையின் தலைமை நோட்டக்காரர் பதவி. மற்றொன்று, ஆசியக் கழகத்தின் காரியதரிசிப் பதவி. பிற்பாடு அவர் செய்த பெரிய காரியத்துக்கு இந்த இரண்டும் ஒரே கையில் சேர்ந்ததுதான் காரணம்.

பல ரூபாய்களை ஒழித்து ஒரே ரூபாய் வேண்டும் என்று அவர் வாதாடினார். 1835-ம் ஆண்டுச் சட்டம் அதை நிறைவேற்றியது. புது ரூபாயின் எடை 180 கிரெயின். இன்றைய கணக்கில் 11.66 கிராம். அதில் 165 கிரெயின் சுத்த வெள்ளி. சென்னை ராஜதானியில் 1818-ம் ஆண்டு முதலே இதே எடையும் இதே மாற்றும் உள்ள ரூபாய் வழங்கி வந்தது. நம் வீடுகளில் மருந்துச் சரக்கு நிறுக்கும்போது ஒரு ரூபாய் எடை என்று சொன்னார்களே, அது இந்த எடைதான்.

காசின் இரண்டாவது விலை

வெள்ளிக் காசுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று உலை சொல்லும் விலை. மற்றொன்று அதன் முகத்தில் உள்ள எழுத்து சொல்லும் விலை. உலையில் போட்டால் முதல் விலை தெரியும். இரண்டாவது விலை அடியோடு அழிந்துவிடும். இதை நன்கு உணர்ந்தவர் பிரின்ஸெப். உருக்கிப் பார்ப்பதே தொழிலாக இருந்தவர், பழைய காசுகளை உருக்காமல் சேர்க்கத் தொடங்கினார்.

பஞ்சாபிலும் ஆப்கானிஸ்தானத்திலும் மண்ணைத் தோண்டியவர்கள் கண்ட காசுகள் அவரிடம் வந்து குவிந்தன. அவரே அவற்றைப் படம் வரைந்து, கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். ஒரு காலத்தில் கெட்டுப்போன அதே கண்களால், தேய்ந்துபோன எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

அவற்றில் சில காசுகளில் ஒரு புறம் கிரேக்க எழுத்து. மறுபுறம் யாருக்கும் தெரியாத எழுத்து. இரண்டு பக்கமும் ஒரே அரசனுடைய பெயரைத்தான் சொல்கின்றன என்று மாஸன் என்பவர் கண்டுபிடித்தார். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, வடமேற்கு எல்லையில் வழங்கிய கரோஷ்டி எழுத்துகளில் பலவற்றைப் பிரின்ஸெப் அடையாளம் கண்டார்.

தானம் என்ற சொல்

இன்னொரு எழுத்து பாக்கி இருந்தது. டில்லியிலும் அலகாபாத்திலும் உள்ள பெரிய கல்தூண்களில் அது செதுக்கப்பட்டிருந்தது. பதினாலாம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா சுல்தான் தூணை டில்லிக்குக் கொண்டுவந்தபோதே பண்டிதர்களைக் கேட்டார். ஒருவராலும் படிக்க முடியவில்லை. அதுதான் பிராமி எழுத்து.

1837-ம் ஆண்டு மே மாதம். பிரின்ஸெப் சௌராஷ்டிரத்து வெள்ளிக் காசுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அரசன் பெயரை அடுத்து ஸ என்ற எழுத்து வந்தால், இன்னாருடையது என்று பொருள் என்பதை அந்தக் காசுகள் அவருக்குக் கற்பித்தன.

அந்தச் சமயத்தில் சாஞ்சி ஸ்தூபத்தின் கல்வேலியிலிருந்து எடுத்த எழுத்துப் படிகள் வந்து சேர்ந்தன. எல்லாம் குட்டிக் குட்டி வாசகங்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் கடைசி இரண்டு எழுத்துகள் ஒன்றாகவே இருந்தன. அவற்றுக்கு முன்னால் காசுகளில் கண்ட அதே ஸ!

பிரின்ஸெப் யோசித்தார். கோயில்களில் பக்தர்கள் கல் நட்டுத் தங்கள் பெயரைப் பொறிப்பது வழக்கம். அப்படியானால் இவை இன்னாருடைய தானம் என்று சொல்லவேண்டும். கடைசிச் சொல் தானம்! தா என்ற எழுத்தும் ந என்ற எழுத்தும் கிடைத்துவிட்டன. பிறகு ஒன்றைக் கொண்டு ஒன்றாக மற்ற எழுத்துகளும் சீக்கிரமே பிடிபட்டன.

தேவானாம்பிய என்பவர் யார்?

தூண்களைப் படித்தபோது தேவானாம்பிய பியதசி என்ற அரசன் பெயர் வந்தது. அவர் யார்? இலங்கை மன்னராக இருக்கலாம் என்று பிரின்ஸெப் முதலில் நினைத்தார். இலங்கையில் உத்தியோகம் பார்த்த டர்னர் என்பவர், பழைய பாலி நூலில் தேடி விடை கண்டார். பியதசி என்பது அசோகரின் இன்னொரு பெயர்! பிரின்ஸெப் தம் எண்ணத்தை உடனே திருத்திக்கொண்டார்.

1838-ல் கிர்நார் பாறை எழுத்துகளையும் படித்தார். மனிதருக்கும் மிருகங்களுக்கும் அசோகர் செய்த வைத்திய உதவியை அவை சொல்கின்றன. அந்தப் பாறையிலேயே நம் சோழர், பாண்டியர் பெயர்களும், சேரரைக் குறிக்கும் கேரளபுத்திரர் பெயரும் இருக்கின்றன. தமிழ்நாட்டுக் குகைகளில் உள்ள பழைய தமிழ் எழுத்துகளைப் பிற்காலத்தில் அறிஞர்கள் படித்ததற்கும் பிராமியை அறிந்ததே அடிப்படை.

எண்ணெய் தீர்ந்த விளக்கு

பகலில் நாணயச் சாலை. இரவில் காசும் கல்வெட்டும். உடம்பு எவ்வளவு நாள் தாங்கும்? 1838-ல் ஓயாத தலைவலி கண்டது. ஆண்டின் கடைசியில் மனைவியோடும் சிறு மகளோடும் கப்பலேறினார். இங்கிலாந்து சேர்ந்தபோது அறிவு மங்கிவிட்டது. எத்தனையோ எழுத்துகளைக் கண்டு சொன்ன அந்த மூளை திரும்பத் தெளியவே இல்லை. 1840-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி லண்டனில் காலமானார்.

அவர் சேர்த்த காசுகளை 1847-ல் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கிக்கொண்டது. அந்தக் காசுகள் உருகாமல் தப்பியதால்தான் ஒரு தேசத்தின் சரித்திரம் தப்பியது.

அவர் தொழில் கற்பிக்கும் பாடம்

முன்னோர் வைத்துப்போன வெள்ளி ரூபாய் உங்கள் வீட்டில் உண்டா? முதலில் நல்ல தராசில் நிறுத்துப் பாருங்கள். 1835 முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ரூபாயின் எடை 11.66 கிராம்தான். தேய்மானத்தால் சற்றுக் குறையலாம். நிறையக் குறைந்தால் சந்தேகப்படவேண்டும். 1940 முதல் வெள்ளி பாதியாயிற்று. 1947-ல் அடித்த ரூபாய் நிக்கல். அது காந்தத்தில் ஒட்டும். வெள்ளி ஒட்டாது. செம்பும் ஈயமும்கூட ஒட்டா. ஆகையால் காந்தத்தை மட்டும் நம்பக்கூடாது. அச்சில் வார்த்த போலிக் காசில் பெரும்பாலும் ஊசித் துவாரங்களும் விளிம்பில் ஒட்டுக் கோடும் தெரியும்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்து தேய்ந்தால் மதிப்பும் தேயும். விவரம் தெரிந்தவரிடம் காட்டும் முன்பு உருக்கவும் கொடுக்காதீர்கள். வெள்ளி கடையில் எப்போதும் கிடைக்கும். காசில் உள்ள எழுத்து ஒரு முறை போனால் போனதுதான்.