செக்கிழுத்தவர் வெளியே வந்த பிறகு: வ.உ.சி.க்கு மறுபடி வேலை கிடைத்தது எப்படி?

ஓசூர் சிப்காட்டில் ஃபிட்டர், வெல்டர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்கும் நிறுவனங்கள் உண்டு. சேலத்திலோ வேலூரிலோ மத்திய சிறையில் தண்டனை முடித்துவிட்டு கிருஷ்ணகிரி பக்கம் ஊர் திரும்புகிறவர் தடுக்கி நிற்பது இந்த இடத்தில்தான். உள்ளே ஒரு தொழில் கற்றிருப்பார். ஆனா கேட் திறக்காது.

இது புதுசா வந்த சிக்கல் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் இதே சிக்கலில் மாட்டியவர், பாடப் புத்தகத்தில் நாம் எல்லோரும் படித்த வ.உ.சிதம்பரம் பிள்ளை.

வக்கீல், கப்பல், கைது

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சி. அப்பா உலகநாத பிள்ளை வக்கீல், மகனும் வக்கீலானார். வெள்ளையர் கப்பல் கம்பெனிக்குப் போட்டியாக 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். மார்ச் 12-ல் கைது. ஜூலையில் நீதிபதி பின்ஹே கொடுத்தது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது 6 ஆண்டு கடுங்காவலாகக் குறைந்தது.

சிறையில் என்ன வேலை?

முதலில் கோவை சிறை. சணல் இயந்திரத்தில் கை தோல் உரிந்தது. அப்புறம் மாடு இழுக்கும் செக்கில் அவரைப் பூட்டினார்கள். அன்றைக்குச் சிறை வேலை என்றால் அது தண்டனை; வெளியே போய்ப் பிழைக்க வழி செய்வதல்ல. செக்கிழுக்க மனிதனைக் கூலிக்கு அழைக்கிறவர் ஊரில் யார் இருக்கிறார்?

1910 கடைசியில் கண்ணூர் சிறைக்கு மாற்றப்பட்டார். 1912 டிசம்பர் 24-ல் விடுதலை. கைதான நாளில் இருந்து எண்ணினால் நாலே முக்கால் வருஷம்.

வெளியே காத்திருந்தது

கப்பல் கம்பெனி 1911-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. தண்டனை பெற்றவர் என்பதால் வக்கீல் சன்னதும் போயிற்று. சட்டம் மறந்துபோகவில்லை, வாதாடத் தெரியும், அனுமதிதான் இல்லை. மனைவி, குழந்தைகளோடு சென்னைக்கு வந்தார். மளிகை வைத்துப் பார்த்தார், மண்ணெண்ணெய் விற்றுப் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை.

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தி கைக்கு வந்திருந்தது. அதைக் கேட்டு 1915-ல் காந்தியோடு கடிதப் போக்குவரத்து தொடங்கியது. பணம் 1916-ல்தான் வந்து சேர்ந்தது. 347 ரூபாய் 12 அணா. 10 லட்சம் மூலதனத்தில் கம்பெனி தொடங்கியவர் அந்தத் தொகைக்காக மாதக்கணக்கில் தபால்காரரை எதிர்பார்த்திருந்தார்.

ஒரு கையெழுத்து

பிறகு கோவை போய் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். வருமானம் போதவில்லை. மறுபடி வாதாட அனுமதி கேட்டு மனுப் போட்டார். நீதிபதி இ.எச். வாலஸ் அனுமதி கொடுத்தார். அதற்கப்புறம் கோவில்பட்டியில் தொழிலை மறுபடி தொடங்கினார். அந்த நன்றியில்தான் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். தண்டித்த அரசின் நீதிபதி ஒருவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிற அளவுக்கு, பறிபோன வேலை திரும்பக் கிடைத்தது அவருக்குப் பெரிசாக இருந்திருக்கிறது.

1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார். 1949-ல் அதே ஊரில் அவர் பெயர் தாங்கிய கப்பலைத் தொடங்கி வைத்தவர் கவர்னர் ஜெனரல் ராஜாஜி. ஓசூரை அடுத்த தொரப்பள்ளிக்காரர். வக்கீல் தொழிலை அவரும் விட்டவர்தான், ஆனால் விரும்பி விட்டார்.

இன்றைக்கு?

இப்போது தமிழகச் சிறைகளில் வேலை மாறியிருக்கிறது. வேலூரில் காலணி தைக்கிறார்கள், கோவையில் நெசவு நடக்கிறது, கைதிகள் நடத்தும் பெட்ரோல் பங்குகள் இருக்கின்றன. இதெல்லாம் வெளியே விலைபோகும் வேலை. செக்கு மாதிரி இல்லை. ஆனால் பயிற்சி பாதி வழிதான். வ.உ.சி.க்கு ஒருநாளும் திறமைக் குறை இருந்ததில்லை. பழைய வழக்கைத் தாண்டி ஆளைப் பார்த்து ஒருவர் கையெழுத்துப் போடும்வரை அந்தத் திறமை சும்மா கிடந்தது. பயிற்சி முடித்து ஓசூர் பஸ் ஏறுகிறவருக்கும் தேவை அந்தக் கையெழுத்துதான்.