ஐந்து ரூபாயும் பத்தாம் வகுப்பு வேங்கடராமனும்



சென்ற கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். கார் நிறுத்தும் இடத்தில் பையன்கள் பந்து விளையாடுவதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். கண்ணாடி உடைந்தவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. பலகை வைப்பது என்று முடிவாகி, நானும் கை தூக்கினேன். பிறகு மாடிக்கு வந்து துணி எடுக்கும்போது எதிரே மலை தெரிந்தது. இந்த ஊரின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன ஒருவரும் ஒரு காலத்தில் வீட்டுக்குத் தெரியாமல் பந்து விளையாடப் போன பையன்தானே என்று தோன்றியது. அதைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

ரமண மகரிஷி என்றதும் உங்களுக்குக் கோவணமும் கைத்தடியும் கமண்டலமுமாக ஒரு பெரியவர்தான் நினைவுக்கு வருவார். மளிகைக்கடைக் காலண்டரிலும் அவர்தான். பதினாறு வயது வரை அவர் வேங்கடராமன் என்ற பெயரில் வருகைப் பதிவேட்டில் இருந்தவர் என்பதை நாம் யோசிப்பதில்லை. அந்தப் பள்ளிக் கதைகள் யாரோ கட்டிவிட்டவை அல்ல. ஆசிரமத்தில் சிரித்துக்கொண்டே அவரே சொல்லி, கூட இருந்தவர்கள் குறித்து வைத்தவை.

1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தார். அப்பா சுந்தரமய்யர் அந்த ஊர் வக்கீல், அம்மா அழகம்மாள். வீட்டில் வைத்த பெயர் வேங்கடேசுவரன். பள்ளியில் சேர்த்தபோது அது வேங்கடராமன் ஆனது. (பாஸ்புத்தகத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று கவுண்டரில் வந்து நின்றவர்களை முப்பது வருடம் பார்த்தவன் நான். இது அந்தக் காலத்திலிருந்தே உள்ள வழக்கம்தான்.) 1892இல் அப்பா இறந்தார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அம்மா சின்னப் பிள்ளைகளோடு இருக்க, அண்ணன் நாகசுவாமியும் வேங்கடராமனும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்குப் போனார்கள். சொக்கப்ப நாயக்கன் தெருவில் 11ஆம் எண் வீடு. மீனாட்சி கோயில் கூப்பிடு தூரம். இன்று அது ரமண மந்திரம். மதுரைக்குப் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

மதுரையில் முதலில் ஸ்காட் நடுநிலைப் பள்ளி, பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி. பாதிரிமார் நடத்திய பள்ளி, ஆகவே பைபிள் பாடமும் உண்டு. அக்ரகாரத்துப் பையன்களும் முஸ்லிம் வீட்டுப் பையன்களும் கிறிஸ்தவப் பையன்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இடம் அது. மைதானத்தில் இன்னும் நெருக்கம். வேங்கடராமனோடு கால்பந்து ஆடிய ஒரு முஸ்லிம் நண்பர் பிற்காலத்தில் போலீஸ் அதிகாரியாகி, தன் பழைய கூட்டாளியைப் பார்க்க இந்த ஊருக்கு வந்திருக்கிறார். அந்த நாளில் வேங்கடராமன் இவரைத் திருப்பரங்குன்றம் கோயிலுக்குக்கூட அழைத்துப் போனதுண்டாம்.

படிப்பில் எப்படி? சுமார்தான். ஒருமுறை காதில் விழுந்தால் பாடத்தை அப்படியே திருப்பிச் சொல்லும் ஞாபக சக்தி இருந்தது. அதனாலேயே புத்தகத்தைத் திறப்பதில்லை. நம் பேரன்களில் இரண்டு பேர் இதே ரகம் என்று கேள்வி. மனம் முழுக்கக் கால்பந்தும் குஸ்தியும் நீச்சலும். எந்த ஆட்டத்தில் சேர்ந்தாலும் அவர் இருக்கும் பக்கம் ஜெயிக்கும் என்று தங்கக்கை என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

இரவு ஆட்டம் தனிக் கதை. வீடு அடங்கியதும் தலையணைகளை ஆள் படுத்திருப்பதுபோல் அடுக்கிப் போர்வையால் மூடிவிட்டு, உறவுப் பையன் ஒருவனோடு கிளம்பிவிடுவாராம். வைகை மணலில் விளையாட்டு, இல்லையென்றால் பிள்ளையார்பாளையம் குளத்தில் நீச்சல். விடிவதற்குள் திரும்பி வந்து நல்ல பிள்ளையாகப் படுக்கை.

தூக்கம் அதைவிடப் பெரிய கதை. மதுரைக்கு முன் ஒரு வருடம் திண்டுக்கல்லில் படித்தபோது, வீட்டார் வெளியே போயிருந்த சமயம் கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். திரும்பி வந்தவர்கள் தட்டிப் பார்த்தார்கள், கத்திப் பார்த்தார்கள். எப்படியோ உள்ளே நுழைந்து அடித்தும் பார்த்தார்கள். எழுந்திருக்கவில்லை. அடி வாங்கிய சங்கதியே மறுநாள் மற்றவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். இது பள்ளிக்கூடம் வரை பரவிவிட்டது. விழித்திருக்கும்போது அவரிடம் வாலாட்டப் பயந்த பையன்கள், தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் ஆசை தீர அடித்துவிட்டு, பழையபடி படுக்கையில் கொண்டுவந்து போட்டுவிடுவார்களாம். ஆசிரமத்தில் இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

1895 நவம்பரில் வீட்டுக்கு வந்த வயதான உறவினர் ஒருவரிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அருணாசலத்திலிருந்து என்றார் அவர். அப்படி ஒரு ஊர் இருக்கிறதா என்று பையனுக்கு ஆச்சரியம். திருவண்ணாமலைதான் அது என்று விளக்கினார் பெரியவர். அதன் பிறகு கையில் கிடைத்தது பெரிய புராணம். பாடப்புத்தகம் அல்லாத ஒன்றை அவர் உட்கார்ந்து படித்தது அப்போதுதான்.

1896 ஜூலை நடுவில், சித்தப்பா வீட்டு மாடி அறையில் தனியாக இருந்தபோது திடீரென்று மரண பயம் வந்தது. உடம்பில் நோய் எதுவும் இல்லை. யாரையும் கூப்பிடாமல், பிணம்போல் விறைத்துப் படுத்து, மூச்சை அடக்கி, சாவது எது என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். அதில் அவர் கண்டதைப் பற்றிப் பெரியவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் கணக்குப் படித்தவன், அதற்குள் போகவில்லை. ஆனால் மறுநாள் பள்ளிக்குப் போன பையன் வேறு. சீண்டினால் திருப்பிக் கொடுப்பவர் இப்போது பேசாமல் இருந்தார். அதிகப்படி வேலை சொன்னாலும் செய்தார். எதைப் பரிமாறினாலும் சாப்பிட்டார். முன்பு கூட்டாளிகளோடு எப்போதாவது போன மீனாட்சி கோயிலுக்கு இப்போது மாலைதோறும் தனியாகப் போனார். விளையாட்டில் ஆள் குறைந்தால் பையன்கள் சும்மா விடுவார்களா? கேலி செய்தார்கள். அண்ணனும் யோகி என்று கிண்டல் செய்தார்.

ஆறு வாரம் இப்படி ஓடியது. ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. பெயின் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் ஒரு பாடத்தைப் படிக்காமல் போனதற்காக மூன்று தடவை எழுதிவர வேண்டும் என்று ஆசிரியர் தண்டனை கொடுத்திருந்தார். இரண்டு தடவை எழுதினார். மூன்றாவதில் கை ஓடவில்லை. தாள்களைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், இப்படி இருப்பவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். பொறுப்புள்ள எந்த அண்ணனும் சொல்லக்கூடியதுதான். தம்பிக்கு அது நியாயமாகப் பட்டுவிட்டது.

பகல் பன்னிரண்டு மணிக்கு மின்சாரத்தைப் பற்றிச் சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று எழுந்தார். வீடுகளில் மின்விளக்கே இல்லாத காலம் அது! அண்ணன் நம்பினார். அப்படியே கீழே ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு போய்த் தன் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வரச் சொன்னார். சித்தி சாப்பாடு போட்டு, ஐந்து ரூபாயையும் கொடுத்தார்.

பழைய வரைபடப் புத்தகம் ஒன்றில் அவர் பார்த்தபோது திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையமாகத் தெரிந்தது திண்டிவனம். மூன்று ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டார். மீதி இரண்டு ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனார். தந்தையைத் தேடி அவர் கட்டளைப்படி போகிறேன், நல்ல காரியம்தான், யாரும் வருந்த வேண்டாம், தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று அதில் இருந்தது. முதலில் நான் என்று எழுதியவர் நடுவில் இது என்று மாறிவிட்டார். கையெழுத்து இல்லை. கடைசியில், கல்லூரிச் சம்பளம் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்று குறிப்பு. உலகத்தையே விட்டுப் போகிறவன் பாக்கித் தொகையைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறான். என்னைப் போன்ற கிளார்க்குக்கு அந்தக் கடைசி வரிதான் பெரிதாகத் தெரிகிறது.

இனி அந்த மூன்று ரூபாய்க்குக் கணக்கு. திண்டிவனம் டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. வழியில் திருச்சியில் பேரிக்காய் அரையணாவுக்கு. ரயிலில் வந்த ஒரு மௌல்வி, விழுப்புரத்திலிருந்தே திருவண்ணாமலைக்குத் தனி ரயில் பாதை வந்துவிட்டது என்று சொன்னார். பையனின் வரைபடத்தில் அது இல்லை. விழுப்புரத்தில் இறங்கிச் சாப்பிட்டார். கையில் எவ்வளவு இருக்கிறது என்று கடைக்காரர் கேட்க, இரண்டரை அணா என்றார். அவர் காசே வாங்கவில்லை. கூட்டிப் பாருங்கள். 2 ரூபாய் 13 அணா, அரையணா, இரண்டரை அணா. சரியாக மூன்று ரூபாய், பைசா சுத்தமாக டேலி ஆகிறது.

இருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரை டிக்கெட். அங்கிருந்து பத்து மைல் நடந்து அரகண்டநல்லூர், பிறகு திருக்கோவிலூர் பக்கத்தில் கீழூர். அன்று கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் பசிக்கு விருந்தே கிடைத்தது. காதில் கிடந்த சிவப்புக்கல் கடுக்கனை அவரிடம் அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கிக்கொண்டார். பாகவதர் தன் விலாசம் எழுதிய சீட்டைக் கொடுத்தார். வெளியே வந்ததும் அதைக் கிழித்துப் போட்டுவிட்டார் பையன். நகைக்கடன் பிரிவில் வருடக்கணக்காக உட்கார்ந்த எனக்கு இந்த இடத்தில் எப்போதும் கொஞ்சம் திக்கென்று இருக்கும். சீட்டைக் கிழித்தால் நகையைத் திரும்பக் கேட்கும் எண்ணமே இல்லை என்று அர்த்தம்.

செப்டம்பர் 1, செவ்வாய்க்கிழமை காலை நம் ஊரில் இறங்கி நேரே பெரிய கோயிலுக்குப் போனார். தலையை மழித்துக்கொண்டு, கையில் மிச்சமிருந்த மூன்று ரூபாய்ச் சொச்சத்தையும் பாகவதர் வீட்டுப் பலகாரப் பொட்டலத்தையும் அய்யங்குளத்தில் எறிந்தார். பஸ் பிடிக்கப் போகும்போது நாம் அந்தக் குளத்துப் பக்கம் எத்தனை முறை போயிருக்கிறோம்!

பெயர் சொல்லாமல், வாய் திறக்காமல் இருந்தார். அடுத்த வருடம் குருமூர்த்தத்தில் இருந்தபோது, நம் தாலுகா அலுவலகத் தலைமைக் கணக்கர் ஒருவர் தினமும் வந்து வணங்கிக்கொண்டிருந்தார். பெயரும் ஊரும் தெரியாமல் நகரமாட்டேன், ஆபீசுக்கும் போகமாட்டேன் என்று ஒரு நாள் உட்கார்ந்துவிட்டார். கணக்கர் பிடித்தால் விடமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் அந்த மௌனப் பையன் எழுதிக் காட்டினார், ஆங்கிலத்தில்: வேங்கடராமன், திருச்சுழி. சடை பிடித்த தலையோடு இருந்தவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று அங்கிருந்தவர்கள் அசந்துபோனார்கள். திருச்சுழி எங்கே இருக்கிறது என்று கணக்கருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் கிடந்த பெரிய புராணத்தை எடுத்து அந்த ஊர்ப்பெயர் வரும் இடத்தைக் காட்டினார். மூன்றாவது தடவை எழுதாமல் விட்டுவந்த ஆங்கிலம் அப்படித்தான் வெளியே வந்தது.

செய்தி மெல்ல வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இதற்குள் நாகசுவாமி வேலைக்குப் போயிருந்தார். 1898 கிறிஸ்துமஸ் விடுமுறையில்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர முடிந்தது. பவழக்குன்றில் அம்மா நாள்கணக்கில் அழுதார். மகன் பேசவில்லை. கூட இருந்தவர்கள் காகிதமும் பென்சிலும் கொடுத்த பிறகு, நடக்க வேண்டியது நடக்கும், தடுத்தாலும் நிற்காது என்ற கருத்தில் சில வரிகள் எழுதினார். விடுமுறை முடிந்தது, அண்ணன் வேலைக்குத் திரும்ப வேண்டும், இருவரும் கிளம்பினார்கள். 1900இல் நாகசுவாமி இறந்துபோனார். கட்டணம் கட்டச் சொல்லித் தம்பியை அனுப்பிய அந்த அண்ணனைப் பற்றி இவ்வளவுதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரமத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைப்பும் வரும்.

அம்மா 1916இல் மகனோடு தங்கவே வந்துவிட்டார். 1922 மே 19 அன்று இங்கேயே காலமானார். அவர் சமாதியைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய ஆசிரமம். கடைசித் தம்பி நாகசுந்தரம் திருவெண்காடு கோயிலில் கிளார்க்காக இருந்தவர். அவரும் இங்கே வந்து துறவியாகி, நிரஞ்சனானந்தர் என்ற பெயரில் ஆசிரம நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார். 1950 ஏப்ரல் 14 இரவு மகரிஷி மறைந்தபோது ஆசிரமப் பொறுப்பு அந்தத் தம்பியிடம்தான் இருந்தது.

பலகை இன்னும் எழுதி வரவில்லை என்று செயலாளர் சொன்னார். அதில் மாலை ஐந்து முதல் ஆறரை வரை என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன். கண்ணாடி உடைந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.